அளவான இறுக்கம்

2024-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், கோலாலம்பூரில் பலத்த காற்றுடன் கனமழை பெய்தது. சுல்தான் இஸ்மாயில் சாலையோரம் நின்றிருந்த பழைய பெருமரம் ஒன்று வேரோடு சாய்ந்து வாகனங்களின்மீது விழுந்தது. ஒருவர் உயிரிழந்தார். பல வாகனங்கள் நசுங்கின. மோனோரெயில் சேவையும் தடைப்பட்டது. புயல்மழைக் காலங்களில் மலேசியாவின் பல ஊர்களில் இவ்வாறு மரங்கள் விழுவதுண்டு. அப்போது தீயணைப்பு மீட்புப் படையினரும் நகராண்மைக் கழகப் பணியாளர்களும் விரைந்து வந்து, விழுந்த மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து அகற்றுவர். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் முதன்மையான கருவி சங்கிலி இரம்பம் ஆகும்.

பேச்சு வழக்கில் 'செயின்சோ' என்று அழைக்கப்படும் இக்கருவி மீட்புப் பணிக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள்வரை பால் தந்து ஓய்ந்த இரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யவும் இது தேவைப்படுகிறது. அவ்வாறு கிடைக்கும் இரப்பர் மரக்கட்டைகள் மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருளாகும். பழத்தோட்டங்களில் பட்ட கிளைகளைக் கழிக்கவும் சாலையோர மரங்களைச் சீர்செய்யவும் இக்கருவி உதவுகிறது.

பயன் மிகுந்த இக்கருவி ஆபத்து நிறைந்ததும் ஆகும். கோடரியும் கைவாளும் மனிதக் கையின் வேகத்தில்தான் நகரும். சங்கிலி இரம்பத்தின் பற்களோ விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவை. இது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திற்குச் சமம். அவ்வளவு வேகமாக ஓடும் சங்கிலி அறுந்தாலோ தன் தடத்தைவிட்டுக் கழன்றாலோ, அருகில் இருக்கும் கைக்கும் உடலுக்கும் பெருங்காயம் நேரலாம். இயந்திரம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், சங்கிலி சரியாகப் பூட்டப்படாவிட்டால் அதில் பாதுகாப்பு இல்லை.

சங்கிலியின் அமைப்பு

சங்கிலி இரம்பத்தின் முன்பக்கம் நீண்ட எஃகுத் தகடு ஒன்று இருக்கும். இதனை வழித்தகடு எனலாம். தொழிலாளர்கள் இதைப் 'பார்' என்பர். இத்தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் ஒடுக்கமான பள்ளம் ஒன்று ஓடுகிறது. சங்கிலி அந்தப் பள்ளத்தில்தான் சுற்றி வருகிறது. வழித்தகட்டின் பின்முனையில், பக்க மூடிக்குள் ஒரு பற்சக்கரம் உண்டு. இயந்திரம் அந்தப் பற்சக்கரத்தைச் சுழற்ற, பற்சக்கரம் சங்கிலியை இழுத்து ஓட்டுகிறது.

சங்கிலியில் மூன்று வகையான கண்ணிகள் உள்ளன. முதலாவது, வெட்டுப்பல். மரத்தை அறுப்பது இதன் வேலை. ஒரு பல் இடப்பக்கமும் அடுத்த பல் வலப்பக்கமும் மாறி மாறி அமைந்திருக்கும். ஒவ்வொரு வெட்டுப்பல்லின் முன்னாலும் சிறு மேடு ஒன்று காணப்படும். பல் மரத்திற்குள் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை இம்மேடு கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, உந்துகண்ணி. இதன் கூரிய அடிப்பகுதி வழித்தகட்டின் பள்ளத்திற்குள் இறங்கி, பற்சக்கரத்தோடு பொருந்துகிறது. மூன்றாவது, இணைப்புக் கண்ணி. இது மற்ற இரண்டையும் ரிவிட் ஆணிகளின் துணையால் பிணைக்கிறது.

இந்த அமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. ஜெர்மனியைச் சேர்ந்த ஆண்டிரியாஸ் ஸ்டீல் 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி இரம்பத்தை உருவாக்கினார். அதை இயக்க இருவர் தேவைப்பட்டனர். அக்காலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போலவே மரத்தைச் சுரண்டி அறுத்தன. அவை விரைவில் மழுங்கின. ஆகவே, தொழிலாளர்கள் அவற்றை அடிக்கடி தீட்ட வேண்டியிருந்தது.

1946-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு ஒன்றைக் கண்டார். அது தன் வளைந்த தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து, உறுதியான மரத்தை எளிதாகக் குடைந்து சென்றது. அந்த அசைவைக் கூர்ந்து கவனித்த அவர், அதே முறையில் இடமும் வலமுமாக மரத்தைச் சீவி எடுக்கும் வளைந்த பற்களைக் கொண்ட சங்கிலியை வடிவமைத்தார். அடுத்த ஆண்டே அதைத் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று பரவலாகப் பயன்படும் சங்கிலிகள் அந்த வடிவமைப்பின் வழிவந்தவையே.

எப்போது மாற்ற வேண்டும்?

சங்கிலி தன் நிலையைத் தானே காட்டிவிடும். கூர்மையான சங்கிலி மரத்திலிருந்து சிறு சிறு சீவல்களை வெளியே தள்ளும். மழுங்கிய சங்கிலியோ மாவு போன்ற தூளைத்தான் தள்ளும். கூர்மையான சங்கிலி தானாகவே மரத்திற்குள் இறங்கும். மழுங்கிய சங்கிலியை இயக்குபவர் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். அறுக்கும் இடத்தில் புகை எழுவதும், வெட்டு நேராகச் செல்லாமல் ஒரு பக்கமாக வளைவதும் மற்ற அறிகுறிகள்.

மழுங்கிய எல்லாச் சங்கிலிகளையும் மாற்றிவிட வேண்டியதில்லை. உருண்டை அரத்தால் பற்களைத் தீட்டினால் பெரும்பாலும் கூர்மை திரும்பிவிடும். எனினும், தீட்டத் தீட்ட வெட்டுப்பல் குட்டையாகும். பல சங்கிலிகளின் பல்லில், எவ்வளவு தூரம் தீட்டலாம் என்பதைக் காட்டும் எல்லைக்கோடு பொறிக்கப்பட்டிருக்கும். தேய்மானம் அந்தக் கோட்டை எட்டியதும் சங்கிலியை மாற்றுவதே முறை. பல்லோ கண்ணியோ விரிசல் கண்டிருந்தாலும், ரிவிட் ஆணிகள் தளர்ந்திருந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டும். விரிசல் கண்ட சங்கிலியை 'இன்னும் ஒரு மரம் அறுக்கலாம்' என்று ஓட்டுவது விபத்தைத் தேடிக்கொள்வதாகும்.

பொருந்த வேண்டிய மூன்று அளவுகள்

புதிய சங்கிலி வாங்கும்போது வழித்தகட்டின் நீளத்தை மட்டும் கடைக்காரரிடம் சொல்வது போதாது. நீளம் ஒன்றாக இருப்பினும் சங்கிலிகள் வேறுபடும். மூன்று அளவுகள் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும்.

முதல் அளவு, கண்ணி இடைவெளி. அடுத்தடுத்துள்ள மூன்று ரிவிட் ஆணிகளில், முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாம் ஆணியின் நடுவரை உள்ள தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் இந்த அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, அத்தூரம் 19.05 மில்லிமீட்டர் என்றால், கண்ணி இடைவெளி 9.525 மில்லிமீட்டர் ஆகும். இதனைக் கடைகளில் எட்டில் மூன்று அங்குலம் என்பர். ஆணிகளுக்கு இடையிலான தூரம் ஒரே சீராக இல்லாமல் மாறி மாறி வருவதால்தான் மூன்று ஆணிகளைக் கணக்கில் எடுத்து, சராசரி காணப்படுகிறது. இந்த அளவு மாறுபட்டால், சங்கிலி பற்சக்கரத்தின் பற்களில் சரியாக அமராது.

இரண்டாவது அளவு, உந்துகண்ணியின் தடிமன். 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் ஆகிய தடிமன்கள் வழக்கத்தில் உள்ளன. ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு மிகச் சிறியது. ஆயினும், தடிமன் கூடினால் கண்ணி பள்ளத்திற்குள் இறங்காது. குறைந்தால் சங்கிலி பள்ளத்தில் ஆடும், வெட்டு கோணலாகும். 1.5 மில்லிமீட்டர் பள்ளத்தில் 1.3 மில்லிமீட்டர் சங்கிலியைப் பூட்டினால், பூட்டும்போது குறை எதுவும் தெரியாது. மரத்தை அறுக்கும்போதுதான் அந்த 0.2 மில்லிமீட்டரின் விளைவு தெரியும்.

மூன்றாவது அளவு, உந்துகண்ணிகளின் எண்ணிக்கை. சங்கிலியின் மொத்த நீளத்தை இதுவே முடிவு செய்கிறது. எண்ணிக்கை குறைந்தால் சங்கிலி வழித்தகட்டைச் சுற்றி வராது; கூடினால் எவ்வளவு இறுக்கினாலும் தொங்கும். பெரும்பாலான வழித்தகடுகளின் பின்பகுதியில் இம்மூன்று அளவுகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அவற்றைப் படித்துக்கொள்ளலாம்.

கழற்றுதலும் பூட்டுதலும்

சங்கிலியை மாற்றுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலில் இயங்கும் இரம்பமாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். மின்கலத்தில் இயங்குவதாக இருந்தால் மின்கலத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். இயந்திரம் தவறுதலாக ஓடத் தொடங்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஓடாத சங்கிலியும் கையைக் கிழிக்கும் என்பதால் தடித்த கையுறை அணிவது கட்டாயம்.

அடுத்து, முன் கைப்பிடிக்கு அருகிலுள்ள காப்புத் தடுப்பைப் பின்னோக்கி இழுத்து, சங்கிலி பிரேக்கை விடுவிக்க வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் சங்கிலி நகராது. சில இயந்திரங்களில் பக்க மூடியைத் திரும்பப் பொருத்தவும் இயலாது. பிறகு, பக்க மூடியின் நட்டுகளைக் கழற்றி மூடியை எடுக்க வேண்டும். சங்கிலியை இறுக்கும் திருகைத் தளர்த்தினால், வழித்தகட்டைப் பின்னே நகர்த்திச் சங்கிலியை எளிதாக வெளியே எடுக்கலாம்.

பழைய சங்கிலி வெளியே வந்ததும் புதியதை உடனே மாட்டிவிடும் அவசரம் பலரிடம் காணப்படுகிறது. அந்த இடைவேளையில்தான் செய்ய வேண்டிய வேலைகள் பல உள்ளன. பள்ளத்தில் எண்ணெயோடு கலந்து இறுகிய மரத்தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய் வரும் சிறு துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பற்சக்கரத்தின் பற்களில் ஆழமான தேய்மானம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். தேய்ந்த பற்சக்கரம் புதிய சங்கிலியையும் விரைவில் கெடுத்துவிடும். வழித்தகட்டை மேல் கீழாகத் திருப்பிப் பொருத்துவதும் நல்ல பழக்கம். மரத்தை அறுக்கும்போது தகட்டின் ஒரு விளிம்பே பெரும்பாலும் அழுத்தத்தைத் தாங்குகிறது. திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்புகளும் சமமாகத் தேயும்.

இப்போது புதிய சங்கிலியைப் பற்சக்கரத்தின்மேல் இட்டு, வழித்தகட்டின் பள்ளத்தில் அமர்த்த வேண்டும். இங்கே ஒரு விதி முக்கியமானது. வழித்தகட்டின் மேல் விளிம்பில் உள்ள வெட்டுப்பற்களின் கூர்முனை, தகட்டின் நுனியை நோக்கியே இருக்க வேண்டும். தகட்டைத் திருப்பிப் பொருத்தினாலும் இந்த விதி மாறாது. சங்கிலியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் இரம்பம் அறுக்காது. மரத்தைத் தேய்த்துப் புகையைத்தான் கிளப்பும். புதிதாகத் தொழில் பழகுவோர் செய்யும் பொதுவான தவறு இது.

பிறகு, இறுக்கும் திருகோடு இணைந்த சிறு முளை வழித்தகட்டின் துளைக்குள் நுழைந்துள்ளதை உறுதிசெய்து, மூடியைப் பொருத்தி, நட்டுகளை விரலால் மட்டும் திருகி விட வேண்டும். கருவியால் இறுக்கும் நேரம் இன்னும் வரவில்லை.

தளர்வும் இறுக்கமும்

சங்கிலியைப் பூட்டும் வேலையில் கைத்திறன் வேண்டிய கட்டம் இதுவே. தளர்ந்த சங்கிலி தடத்தைவிட்டுக் கழன்றுவிடும். கழன்ற சங்கிலி சாட்டையைப் போலச் சுழன்று, பின் கைப்பிடியைப் பற்றியிருக்கும் வலக்கையை நோக்கி வரக்கூடும். அதனால்தான் இரம்பத்தின் அடியில் சங்கிலியைத் தடுத்துப் பிடிக்கும் உறுப்பும், பின் கைப்பிடியில் அகலமான காப்பும் அமைக்கப்பட்டுள்ளன. தளர்வே ஆபத்து என்று அஞ்சிச் சங்கிலியை அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறாகும். அப்போது உராய்வு மிகுந்து வழித்தகடு சூடேறும். பள்ளம் விரைவில் தேயும். இயந்திரத்தின் உள்ளே உள்ள பேரிங்குகள் கெடும். சங்கிலி அறுந்துபோகவும் வாய்ப்புண்டு.

ஆகவே, இறுக்கும்போது வழித்தகட்டின் நுனியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தூக்காமல் இறுக்கினால், தகடு தன் எடையால் சற்றுத் தாழ்ந்திருக்கும். பின்னர், மரத்தில் அழுத்தும்போது அது மேலே நகர, சங்கிலி மீண்டும் தளர்ந்துவிடும். நுனியைத் தூக்கியபடியே திருகை மெல்லத் திருப்பி, சங்கிலி தகட்டின் கீழ் விளிம்பில் தொங்காமல் ஒட்டி அமரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே நட்டுகளைக் கருவியால் இறுக்க வேண்டும்.

இறுக்கம் சரியா என்பதை அறிய இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. கையுறை அணிந்த கையால் தகட்டின் மேல் விளிம்பில் உள்ள சங்கிலியை நுனிப்பக்கமாக இழுத்தால், அது தடையின்றி நகர வேண்டும். தகட்டின் நடுவில் சங்கிலியை மேலே தூக்கினால், உந்துகண்ணிகள் பள்ளத்தைவிட்டு முழுமையாக வெளியே வரக்கூடாது. கையை எடுத்ததும் சட்டெனப் பழைய இடத்தில் அமர வேண்டும். முதல் சோதனையில் தவறினால் இறுக்கம் மிகுதி. இரண்டாவதில் தவறினால் இறுக்கம் குறைவு.

இத்துடன் வேலை முடிந்துவிடுவதில்லை. வெப்பத்தால் உலோகம் விரிவடையும் என்பது அறிவியல் பாடத்தில் கற்பிக்கப்படும் உண்மை. ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சங்கிலியின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அதன் நீளம் 1 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அதிகரிக்கும். இதனால், வேலையின் நடுவே சங்கிலி தளர்வது இயல்பு. அவ்வாறு தளர்ந்தால், இரம்பத்தை நிறுத்தி, சூடு தணிந்த பிறகு மீண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போதே இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் மறவாமல் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிடில், குளிரும்போது சங்கிலி சுருங்கி, இயந்திரத்தின் அச்சையும் பேரிங்குகளையும் சேதப்படுத்தும்.

புதிய சங்கிலிக்குக் கூடுதல் கவனம் தேவை. அதன் ஆணிகளும் கண்ணிகளும் ஒன்றோடொன்று படிந்து அமரச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே, முதலில் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டி, எண்ணெய் எல்லாக் கண்ணிகளுக்கும் பரவிய பிறகு இறுக்கத்தைச் சரிபார்ப்பர். இரம்பத்தின் நுனியை ஒரு வெளிறிய மரக்கட்டையின்மேல், தொடாமல் பிடித்து ஓட்டினால் மெல்லிய எண்ணெய்க் கோடு படிய வேண்டும். கோடு படியாவிட்டால் எண்ணெய் வரவில்லை என்று பொருள். எண்ணெய் இன்றி ஓடும் சங்கிலி விரைவில் கெட்டுவிடும். இறுதியாக, சங்கிலி பிரேக் சரியாக வேலை செய்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். நுனியின் மேற்பகுதி மரத்தில் இடித்தால் இரம்பம் இயக்குபவரை நோக்கித் துள்ளி எழும். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் இந்தத் துள்ளலின்போது அவரைக் காப்பது அந்தப் பிரேக்தான்.

பத்து நிமிடத்தின் மதிப்பு

இந்த வேலைகள் அனைத்தையும் பழகிய கைகள் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் முடித்துவிடும். ஆனால், மழை வரப்போகிறது, சாலையில் வாகனங்கள் காத்திருக்கின்றன, கங்காணி அவசரப்படுத்துகிறார் என்னும் நிலையில் அந்தப் பத்து நிமிடமே முதலில் கைவிடப்படுகிறது. சாலையை மறித்து விழுந்த மரம் இன்னும் பத்து நிமிடம் காத்திருக்கும். கழன்ற சங்கிலியால் சிதைந்த விரல் மீண்டும் பழைய நிலைக்கு வருவது அரிது.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டம், தொழிலாளர்களுக்குத் தேவையான பயிற்சியையும் மேற்பார்வையையும் அளிக்கும் பொறுப்பை முதலாளிகளிடம் ஒப்படைத்துள்ளது. தலைக்கவசம், கண்காப்பு, காதுகாப்பு, கால்களைக் காக்கும் தடித்த காற்சட்டை, உறுதியான காலணி ஆகியவை இல்லாமல் சங்கிலி இரம்பத்தை இயக்குவது ஆபத்தானது. பயிற்சி பெறாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், இக்கருவியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. மரம் விழுந்த சாலையில் நின்று, இரம்பத்தை ஓட்டுவதற்கு முன் சங்கிலியை ஒருமுறை கையால் இழுத்துப் பார்க்கும் பணியாளர் நேரத்தை வீணாக்கவில்லை. இழுத்தால் ஓட வேண்டும். விட்டால் தொங்கக் கூடாது. அந்த அளவான இறுக்கத்தை உறுதிசெய்த பிறகே அவர் இயந்திரத்தை முடுக்குகிறார்.